லேபிள் மாறிய ஏழு கட்டுரைகள்

பீரோவின் மேல்தட்டைத் துடைக்கப் போய், இன்று காலை உன் ஃபைலைத் தலையில் வாங்கிக்கொண்டேன். ஆமாம் புள்ள, நேராக நெற்றியில். போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஆளைச் சும்மா இருக்க விடமாட்டாயா என்று உன்னைத் திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன்.

பனியன் கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று போடுவோமே, அதே ஃபைல். முதல் பக்கத்தில் அதே கட்டங்கள். சரக்கு வாங்கும் பையரின் பெயர் எழுதும் இடத்தில் நீ எழுதியிருப்பது: ‘வருவாங்க’. ஸ்டைல்: ‘எழுத்து’. எத்தனை பீஸ்: ‘ஒண்ணே ஒண்ணு’. ஷிப்மென்ட் தேதி: ‘ஆடி முடியறதுக்குள்ள’. உள்ளே துணிச் சாம்பிள் ஒட்ட வேண்டிய தாள்களில் எல்லாம் இணையப் பக்கங்களின் பிரிண்ட். ஒவ்வொன்றின் மூலையிலும் உன் பச்சை மை. ஓகே, ரிஜெக்ட், பெண்டிங். கம்பெனி ஸ்டேஷனரியைச் சொந்த வேலைக்குச் சுட்டுக்கொண்டு வந்தவள் நீ ஒருத்திதான். அதையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தாய்.

படித்துக்கொண்டே போனேன். சிரித்தேன். அப்புறம் மூக்கைச் சிந்தினேன். மடல் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

எல்லாம் உளிச் சத்தத்தில் தொடங்கியது. திருமுருகன்பூண்டியில் எங்கள் ஊட்டுக்கு இரண்டு பக்கமும் சிலைப் பட்டறைகள். பிறந்ததில் இருந்து அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்து எழுந்த ஒரு காலையில், “ஏம்மா, இன்னைக்குப் பட்டறை லீவா?” என்று, என்னைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வீட்டில் இருந்து வந்திருந்த அம்மாவைக் கேட்டேன். அம்மா ஜன்னலைக் காட்டினார். நாலு பேர் உட்கார்ந்து ஒரு நந்தியைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கை ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். அப்போது நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவதும் போனில் பதில் சொல்வதும் என் வேலை. என் மெயிலைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அஞ்சல் வழியில் படித்த ஆங்கில இலக்கியம் அதற்காவது உதவியது. ஆனால் போன் அடித்தால் எனக்குத் தெரியாது. மானேஜர் மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் சொன்னார். “ஏனுங்க மேடம், பையர் கூப்புடறப்ப நீங்க எடுக்கலீன்னா எனக்குத்தானுங்க கெட்ட பேரு. கொஞ்ச நாளைக்குப் பேக்கிங்ல இருங்க. பொறவு பாக்கலாமுங்க.” அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதற்குக் காது வேண்டாம், உண்மைதான். அதற்கு மூளையும் வேண்டாம்.

அந்தச் செய்தி மடத்துக்குளத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போனது. அடுத்த வாரமே வந்துவிட்டார். இடது காதுப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இங்க ஒண்டியாக் கெடந்து என்ன பண்ணப் போற கண்ணு? நம்ம ஊட்ல வந்து இரு. கொழந்தைகளப் பாத்துக்க. உங்க அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும். ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் வண்டி எடுத்துட்டு வாரன்” என்றார். அன்பாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னதில் என் மீதி ஆயுசு முழுக்க இருந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறை, அண்ணன் பிள்ளைகளின் சீருடை, வந்தவர்களிடம் ‘தங்கச்சிங்க, பாவம், காது கேக்காதுங்க’ என்ற அறிமுகம்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் இதை உன்னிடம் சொன்னேன். நீ ஆக்சஸரிஸ் பார்ப்பவள். பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் உன் பொறுப்பு. அவிநாசிபாளையத்தில் இருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, வந்ததும் வராததுமாக ஊரில் இருக்கும் அத்தனை பட்டன்காரர்களுக்கும் போன் போட்டு மிரட்டுகிறவள். நான் சொல்லி முடிப்பதற்குள் டிபன் பாக்ஸை டொப்பென்று மூடினாய். எனக்கே கேட்டது.

“ஏம்புள்ள, காதுதான போச்சு? கை இருக்குதில்ல? நீ எழுதற மெயிலப் பாத்து வெள்ளக்காரனே அசந்து போறான். எழுதறதுக்கு எதுக்குக் காது?”

“யாருக்கு எழுதறது? எங்க எழுதறது?” என்றேன்.

“அதத் தேடோணும். எனக்கு எழுத வராது. தேட வரும். ஒத்தப் பட்டனுக்கு ஊர்பூரா அலஞ்சவ நான்.”

அந்த ஆடியில் ஐந்து ஞாயிறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகப் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ப்ரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவாய். பையில் வேதாகமம், அதன் மேல் இந்த ஃபைல். பிளைவுட் தடுப்பும் திரையும் போட்ட சின்னச் சின்ன அறைகள். நீ உள்ளே நுழைந்ததும் செய்த முதல் காரியம் திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டது. “நாம ஒண்ணும் தப்புப் பண்ணல” என்றாய். எனக்குக் கேட்க வேண்டுமே என்று நீ போட்ட சத்தத்தில், அங்கிருந்த அத்தனை பேருக்கும் என் எதிர்காலம் மனப்பாடம். பக்கத்து அறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, உன் அளவுக்கே சத்தமாக, “ஏனுங்க, டைப்பிங் வேலைங்களா? என்ற தங்கச்சிக்கும் ஒண்ணு பாருங்க” என்றார். “டைப்பிங் இல்லீங்க. எழுத்துங்க. அது வேற” என்றாய். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நீ அப்படிச் சொன்னதும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் ஞாயிறு முழுக்கக் குப்பைதான். பட்டன் என்கொயரி மாதிரியே அடித்தாய்: வீட்டில் இருந்து எழுத்து வேலை தேவை, தரம் முக்கியம், அவசரம். ஆயிரம் கதவு திறந்தது. பாதிக் கதவில் முன்பணம் கேட்டார்கள். ரிஜெக்ட். “வேல குடுக்கறவன் நம்மகிட்டயே காசு கேட்டா அவன் பையரே இல்ல புள்ள.” சில பக்கங்களின் அடியில் தேதி பார்த்தாய். தொட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. “டெட் ஸ்டாக்” என்று எழுதி மூடினாய். மீதி இருந்த ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மெயில் போட்டாய், ஒரே ஒரு சந்தேகம் கேட்டு. பதில் வந்தால்தான் அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஆபீஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் யாராவது ஆர்டர் கொடுப்பார்களா?

திரும்பும் வழியில் எனக்குச் சோர்வு. ஐந்தில் ஒன்று போய்விட்டது. நீ கரும்புச்சாறுக் கடையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாய். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். “நாம தப்பாத் தேடறம். பட்டன் நல்லாருக்குதான்னு பட்டன் விக்கறவன்கிட்டயா கேப்பாங்க? தைக்கறவன்கிட்டக் கேக்கோணும்!”

அடுத்த ஞாயிறு வேலையைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து புலம்புகிறார்கள் என்று தேடினோம். அரை மணியில் கிடைத்தது. ஊர் ஊராக இருக்கும் எழுத்தாளர்கள் இணையத்தில் கூடிப் பேசும் ஒரு மன்றம். எந்தப் பத்திரிகை வெளியாளிடம் வாங்கும், எந்த ஆசிரியருக்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும், யார் ஏமாற்றுக்காரர், எல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தது. அங்கிருந்து கை காட்டிக் கை காட்டி, ஒரு பல்கலைக்கழகம் இலவசமாகவே வைத்திருந்த கட்டுரைப் பாடங்கள், பத்திரிகைகளின் விதிமுறைகளைத் தொகுத்து வைத்திருந்த ஒரு தளம், மாதிரிக் கடிதங்கள், நல்ல அகராதி. பச்சை மை தீரும் அளவுக்கு ஓகே போட்டாய். அந்த வாரம் முழுக்கப் பிரிண்டுகளைப் பேக்கிங் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். ஸ்டிக்கர் பாட்டுக்கு ஸ்டிக்கர், பாடம் பாட்டுக்குப் பாடம்.

அதிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. யாராவது புதிதாக மாதிரிக் கட்டுரை எழுதிக் கேட்டால், பேசி முடிக்காமல் கொடுக்காதீர்கள் என்று. நாம் இரண்டு பேரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். “சாம்பிள் தராம யாரு புள்ள ஆர்டர் தருவாங்க? இவங்களுக்கு யாவாரமே தெரியல” என்றாய். நானும் தலையாட்டினேன். திருப்பூர்க்காரிகள் அல்லவா! ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை சாம்பிள் கொடுப்போம். அளவுக்கு ஒன்று, கலருக்கு ஒன்று, துவைத்துப் பார்க்க ஒன்று. கேட்கக் கேட்கத் தைத்து அனுப்புவோம், முகம் சுளிக்காமல். கேட்கிறார் என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

உடைகளைப் பற்றிய ஒரு இணையதளம் நம் மெயிலுக்குப் பதில் போட்டது. ஒரு சாம்பிள் கட்டுரை கேட்டது. பருத்தி பனியன் முதல் துவையலில் ஏன் சுருங்குகிறது என்று எழுதி அனுப்பினேன். அருமை, இன்னொன்று வேண்டும் என்றார்கள். கைக்குழந்தைக்கு எந்தத் துணி நல்லது என்று எழுதினேன். அதுவும் அருமை. காலர் ஏன் சுருள்கிறது, சாயம் எப்போது போகும், லேபிளில் இருக்கும் குறிகளுக்கு என்ன பொருள். அலுவலகம் விட்டதும் ஓடி ஓடி எழுதினேன். ஒன்பது நாளில் ஏழு சாம்பிள். ஏழையும் ஏற்றுக்கொண்டார்கள். நீ பேக்கிங் செக்ஷனுக்கே வந்து எல்லாருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தாய். எதற்கென்று கேட்டவர்களிடம், “ஆர்டர் கன்பார்ம் ஆவப் போவுதுங்க” என்றாய்.

அப்புறம் மௌனம். நாலு மெயில் போட்டோம். பதில் இல்லை.

நாலாவது ஞாயிறு, மன்றத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த வழிப்படி, என் கட்டுரையில் இருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து அப்படியே தேடலில் போட்டாய். வந்து நின்றது. ஏழு கட்டுரையும் வந்து நின்றது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. பெயர் மட்டும் யாரோ ஒரு ஆணின் பெயர்.

நான் அங்கேயே அழுதேன். திரை ஒதுக்கித்தான் இருந்தது, யார் பார்த்தால் என்ன. “போதும் புள்ள, நான் அண்ணன் ஊட்டுக்கே போறன். அங்க சமைச்சாச் சமைச்சவ பேராச்சும் மாறாது” என்றேன். நீ என்னைத் தேற்றவே இல்லை. என் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது மடல் சிவந்துபோயிருந்தது.

“லேபிள் மாத்திட்டானா?” என்றாய். மெதுவாகச் சொன்னாய், உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். உன் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தையல் விட்டால் தைக்கலாம், கறை பட்டால் துவைக்கலாம். லேபிள் மாறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். “அழு. பத்து நிமிசம் அழுதுக்க. பொறவு மெயில் அடிக்கோணும்.”

நமக்கு எத்தனை பையர்கள் எத்தனை புகார்க் கடிதம் எழுதியிருப்பார்கள்! குளிர்ந்த தண்ணீரை முதுகில் ஊற்றியது மாதிரி இருக்கும், ஒவ்வொரு வரியும். வாங்கி வாங்கி அந்த நடை நமக்கு மனப்பாடம். அன்றைக்கு முதல்முறையாக நாம் பையர் ஆனோம். நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். ‘தங்கள் தளத்தில் உள்ள ஏழு உருப்படிகளை எங்கள் தரப்பு சோதித்ததில் ஏழிலும் லேபிள் மாறியிருப்பது தெரியவந்துள்ளது. அனுப்பிய தேதிவாரியான சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சரிசெய்யப்படாவிட்டால், இந்தக் கோப்பு முழுவதும் கீழ்க்கண்ட எழுத்தாளர் மன்றங்களில் வைக்கப்படும். உடனடி விளக்கத்தை எதிர்பார்க்கிறோம்.’ கூடவே, பழுதான துணியைப் போட்டோ எடுத்து அம்புக்குறி போடுவோமே, அதே மாதிரி ஏழு பக்கத்தையும் படமெடுத்து ஏழு பெயரிலும் சிவப்பு அம்பு.

“காசு கேக்கலயே?” என்றேன்.

“காசு கெடக்குது. மொதல்ல பேரு.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. மன்னிக்கவும், ஏதோ கவனக்குறைவாம். பக்கத்தைத் திறந்தோம். முதல் கட்டுரையின் அடியில் என் பெயர், இனிஷியலோடு. இரண்டாவதில் என் பெயர். ஏழிலும் என் பெயர். நீ கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் போய், லேபிள் தைத்ததைச் சோதிப்பது மாதிரியே என் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாய். “உன்ற லேபிள் புள்ள!” என்று நீ போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், பிரிண்ட் எடுக்கக் கலர் மிஷினையே திறந்துவிட்டார்.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் அண்ணன் வண்டியோடு வந்தார். என் கையில் அப்போது வேலை எதுவும் இல்லை. ஒரு வெளிநாட்டு ஆயத்த ஆடை இதழுக்கு, மன்றத்தில் கற்ற முறைப்படி, இந்த ஏழையும் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் போட்டிருந்தேன். பதில் வரவில்லை. இருந்தது ஏழு பிரிண்ட் மட்டும். “நான் வரலீங்ண்ணா” என்று சொல்லி அதை நீட்டினேன். அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. விரல் வைத்து எழுத்துக்கூட்டிக் கடைசியில் இருந்த பெயரைப் படித்தார். “இது நீயா கண்ணு?” “நாந்தானுங்ண்ணா.” ஏழிலும் படித்தார். பிறகு ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாசம் அண்ணி வந்து சொன்னார், சந்தைக்குப் போனாலும் அது பையிலேயே இருக்கிறதாம், பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறாராம்.

அந்த இதழ் பதில் போட இன்னும் ஆறு வாரம் ஆனது. ஆனால் போட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பேக்கிங் செக்ஷனுக்கு நான் கடைசியாகப் போனது விடைபெற. மானேஜர் எழுந்து நின்று, “நீங்க நெம்பப் பெரிய ஆளாயிட்டீங்க மேடம்” என்றார். நீ பின்னால் நின்று எனக்குக் கண்ணடித்தாய்.

போன வாரம் பல்லடத்தில் இருந்து ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். எழுத்து வேலை தொடங்க நல்ல தளங்கள் சொல்லுங்கள் அக்கா என்று. உன் ஃபைலில் நீ ஓகே போட்டவற்றில் இன்று பாதி இல்லை. அந்த மன்றமே மூடிவிட்டது. பெயர்ப் பட்டியல் கொடுத்து என்ன செய்ய? விற்கிறவனைக் கேட்காதே, தைக்கிறவனைக் கேள் என்று எழுதினேன். சாம்பிள் கதையையும் முழுசாக எழுதினேன், நம் மானம் போனாலும் பரவாயில்லை என்று.

கடைசியாக ஒன்று. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று, உடன் இருப்பவருக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, உறவு, தொழில். நான்கு வருடமாக எழுதியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் அந்தக் கவுன்ட்டரில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது, அப்படியென்றால் என்ன என்று கேட்டால் அது எனக்குக் கேட்கவும் கேட்காது. ‘வீட்டில் இருக்கிறேன்’ என்று எழுதினேன். நீ வீல்சேரில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டாய். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி போட்டிருந்தது. அந்தக் கையாலேயே பேனாவைப் பிடுங்கி, நான் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாய்: ஃப்ரீலான்ஸ் ரைட்டர். பிறகு கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் ஏதோ சொன்னாய். உன் சத்தமெல்லாம் அப்போது போயிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா எழுந்து போய் உள்ளே இருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார்.

என்ன சொன்னாய் என்று நான்காம் நாள், எல்லாம் முடிந்து உன் உடலை வாங்கக் கையெழுத்துப் போடப் போனபோதுதான் அவரிடம் கேட்டேன். அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். ‘இவங்க எழுதறதக் கடல் தாண்டிப் படிக்கறாங்க. நிக்க வெக்காதீங்க.’

பெருமையாக இருக்கிறது புள்ள. என்னைப் பற்றியும்தான், மறைப்பானேன். அதன் பிறகு எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் என் பேனா தயங்கியதில்லை. அன்றைக்கு அதற்கு மேல் கட்டத்தில், உறவு என்ற இடத்தில், ‘அக்கா தங்கச்சி’ என்று பொய்தான் எழுதியிருந்தேன், சொந்தக்காரர்களைத்தான் உள்ளே விடுவார்கள் என்று பயந்து. நீ அதையும் படித்தாய். அதை மட்டும் நீ அடிக்கவில்லை.